எண்பது வயதில் சாட்டை வீச்சு

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் என்னை மறித்தார். "சார், இண்டியானா ஜோன்ஸ் படத்தில் எண்பது வயதுக்காரர் ஓடுகிறார், குதிரை ஏறுகிறார், சாட்டையைச் சொடுக்குகிறார். இதெல்லாம் உண்மையா, கம்ப்யூட்டர் வித்தையா?" என்று கேட்டார். "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பதில் தவறில்லை, ஆனால் போதாது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஹாரிசன் ஃபோர்டு 1942 ஜூலையில் பிறந்தவர். முதல் இண்டியானா ஜோன்ஸ் படம் 1981இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 38. பிறகு 1984, 1989, 2008 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள். ஐந்தாவதான 'டயல் ஆஃப் டெஸ்டினி' 2023 ஜூன் இறுதியில் திரைக்கு வந்தபோது அவருக்கு 80 நிறைந்து, 81 நெருங்கிக்கொண்டிருந்தது. அதே தொப்பி, அதே சாட்டை. ஆனால் உடல் அதுவன்று.

முதலில் சாட்டையை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் வயதைப் பொருட்படுத்தாத கருவி அது ஒன்றுதான். சாட்டையைச் சொடுக்கும்போது 'பட்டீர்' என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? தோல் தோலின்மீது அடித்து எழும் ஓசை அதுவன்று. சாட்டையின் ஒரு பகுதி ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்குச் சுமார் 340 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஜெட் விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது கேட்கும் இடி முழக்கத்தின் குட்டித் தம்பிதான் இந்த ஓசை.

மனிதக் கையால் அவ்வளவு வேகத்தை எப்படி உண்டாக்க முடிகிறது? இரகசியம் சாட்டையின் வடிவத்தில் இருக்கிறது. பிடியருகே பருமன், நுனி நோக்கிப் போகப்போக மெலிவு. வீசும்போது சாட்டையில் ஒரு வளைவு தோன்றி நுனியை நோக்கி ஓடுகிறது. ஓட ஓட, இயங்கும் பகுதியின் நிறை குறைகிறது. ஆனால் ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. இயக்க ஆற்றல் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நிறை நான்கில் ஒரு பங்கானால் வேகம் இரு மடங்காக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கானால் வேகம் ஏறத்தாழ 32 மடங்கு! கை கொடுக்கும் வேகம் வினாடிக்கு 11 மீட்டராக இருந்தாலே நுனி ஒலியை எட்டிவிடும். காற்றுத் தடையையும் உராய்வையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. இருந்தாலும் விஷயம் புரிந்துவிடும். 2002இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரியேலி, மக்மில்லன் என்ற இரு கணிதவியலார் இதை நுணுக்கமாக ஆராய்ந்து, ஓசையைப் பிறப்பிப்பது நுனிகூட அன்று, ஓடிவரும் அந்த வளைவே என்று காட்டினர்.

ஆகவே சாட்டைக்கு வேண்டியது புஜபலம் அன்று, பழக்கம். நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கு அது எளிது. 2008ஆம் ஆண்டுப் படத்தின்போது, பாதுகாப்பு விதிகளைக் காரணம் காட்டி, சாட்டையைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்று ஸ்டூடியோவினர் கூறியதை ஃபோர்டு கேலிக்குரியது என்று மறுத்தாராம். ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என் ஓட்டு அவருக்கே.

குதிப்பதும் விழுவதும் வேறு சங்கதி. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அவருடைய வேகம் வினாடிக்கு 6.3 மீட்டர். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், கால்கள் தாங்க வேண்டிய சராசரி விசை உடல் எடையைப்போல் 41 மடங்கு. எலும்பு முறிந்துவிடும். முழங்காலை மடக்கி, அரை மீட்டர் அமிழ்ந்து நின்றால் அதே விசை 5 மடங்காகக் குறைகிறது.

மடக்கினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் வெறும் 0.16 வினாடி. அந்த நேரத்துக்குள் தொடைத் தசைகள் 1,700 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை விழுங்க வேண்டும். கணக்குப் போட்டால் 10 கிலோவாட்டைத் தாண்டுகிறது. நம் ஊர் வயல்களில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்புசெட்டுகள் ஏறக்குறைய மூன்றுக்குச் சமம்!

இங்குதான் முதுமை குறுக்கே வருகிறது. தசைகளில் இருவகை நார்கள் உண்டு. மெதுவாக இயங்கிக் களைப்பின்றி நெடுநேரம் உழைப்பவை ஒருவகை. நொடியில் சுருங்கிப் பெரும் விசை தந்து விரைவில் களைப்பவை மற்றொரு வகை. வயது ஏறும்போது இரண்டாம் வகையே அதிகமாக மெலிகிறது. அதனால் முதியவரின் வலிமை குறைவதைவிட, அவருடைய திறன் வேகமாகக் குறைகிறது. வலிமையும் திறனும் ஒன்றல்ல என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர்கள் ஆண்டுதோறும் மறக்கிறார்கள். மூட்டையை மெல்லத் தூக்கித் தோளில் வைக்க வலிமை போதும். தடுக்கி விழப்போகும்போது காலைச் சட்டென்று முன்னே வைக்கத் திறன் வேண்டும்.

ஆகவே சண்டைப் படங்களில் குதிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். விழுவது காற்றடைத்த மெத்தையின்மீது. மெத்தை ஒரு மீட்டர் அமிழ்ந்தால் 2 மீட்டர் வீழ்ச்சியின் விசை எடையைப்போல் 3 மடங்குதான். ஃபோர்டுக்கு இந்த உதவி இளமையிலேயே தேவைப்பட்டது. 1984இல் வெளிவந்த இரண்டாம் படத்தின் ஒரு பகுதி இலங்கையில் கண்டிக்கு அருகே எடுக்கப்பட்டது. அப்படத்தின்போது முதுகுத் தண்டு வட்டு பிதுங்கி அவர் அறுவை சிகிச்சைக்குப் போக, விக் ஆம்ஸ்ட்ராங் என்ற சண்டைக் கலைஞர் வாரக்கணக்கில் அவருக்குப் பதிலாக நின்றார். 2014இல், 71 வயதில், வேறொரு படத்தின் தளத்தில் விசைக்கதவு ஒன்று இறங்கி அவர் காலை முறித்தது. அக்கதவை இயக்கிய விசை ஒரு சிறிய காரின் எடைக்கு ஒப்பானது என்று பிரிட்டனின் பாதுகாப்புத் துறை கூறியது. 2021இல் ஐந்தாம் படத்தின் ஒத்திகையில் தோளில் அடி. சாட்டை வீச முடிந்தவரால் சண்டையை ஒத்திகை பார்க்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி வித்தைக்கு வருவோம். ஐந்தாம் படத்தின் தொடக்கக் காட்சிகள், ஏறக்குறைய 25 நிமிடம், 1944ஆம் ஆண்டில் நடப்பவை. அவற்றில் ஃபோர்டின் முகம் முப்பதைந்து நாற்பது வயது முகம். நடித்தவர் அவரே, பின்னர் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் இளமையாக்கினர். பழைய படச்சுருள்களில் அவர் முகம் ஏராளமாக இருந்ததால், அதே கோணமும் அதே வெளிச்சமும் உள்ள படங்களைத் தேடியெடுத்துப் பொருத்த முடிந்தது.

வெளிச்சம் ஏன் முக்கியம்? சுருக்கம் என்பது தோலில் விழுந்த ஒரு பள்ளம். நாம் பார்ப்பது அதில் தேங்கிய நிழலை. நிழலைத் திருத்த வேண்டுமானால் பள்ளம் எது, நிழல் எது என்று பிரித்தறிய வேண்டும். 2019இல் வந்த 'தி ஐரிஷ்மேன்' படத்துக்காக இதே இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் ஓர் அழகான தந்திரம் செய்தனர். முதன்மைக் கேமராவின் இருபுறமும் அகச்சிவப்புக் கேமராக்களை வைத்து, முகத்தின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர். கண்ணுக்கும் முதன்மைக் கேமராவுக்கும் அது தெரியாது. ஆனால் அந்த ஒளியில் நிழல்கள் மறைந்து முகத்தின் உண்மையான மேடுபள்ளங்கள் பதிவாகிவிடும்.

இத்தனை செய்தும் ஏதோ ஒன்று ஒட்டவில்லை. 'ஐரிஷ்மேனில்' எழுபதைத் தாண்டிய ராபர்ட் டி நீரோ, இளைஞராக ஒரு கடைக்காரரை உதைக்கும் காட்சியைப் பாருங்கள். முகம் இளமை; உதை முதுமை. நடிகர்கள் எப்படி உட்கார வேண்டும், எப்படி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தனியே ஒருவரை அமர்த்தியும் பயனில்லை. ஃபோர்டின் இளமைக் காட்சிகளிலோ காட்டிக்கொடுப்பது குரல். முதுமையில் குரல் நாண்கள் மெலிந்து, முழுதும் மூடாமல் காற்றைக் கசியவிடும். அந்தக் கரகரப்பு என் காதில் பட்டபின் முகத்தை நம்ப முடியவில்லை.

நடிகர்களுக்குக் கற்பித்த அந்தப் பாடம், எழுந்திருப்பது, மருத்துவர்களுக்கும் ஓர் அளவுகோல். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் குறிப்பார்கள். கால் தசைகளின் திறனை அளக்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது. உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பெரியவர் எழும்போது அருகில் ஒருவர் நிற்க வேண்டும். எனக்கு 8 வினாடி ஆயிற்று. என் தந்தைக்கு 14. "இன்னொரு தரம்" என்றார் அவர்.