சும்மா இருந்தாலும் சுடும்

திருப்பூரில் பவர் டேபிள் நடத்தும் நண்பர் ஒருவர் மாடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார். கீழே தையல், மேலே பாட்டு. ஏப்ரல் வெயிலில் ஒருநாள் அங்கிருந்த கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். எக்கோ போன்ற வேலைகளுக்கென்றே தனி சிப் வைத்த ஒலிக் கார்டு உள்ளே இருந்தது. சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பட்டைகளின் இடுக்கெல்லாம் பனியன் பஞ்சு கம்பளிபோல் அப்பிக் கிடந்தது. விரலை வைத்தேன், இரண்டு நொடிக்கு மேல் தாங்கவில்லை.

“காலையிலிருந்து ஒரு பாட்டுக்கூட ஓடலீங்க. இது ஏன் இப்படிச் சுடுது?” என்றார் நண்பர்.

பதில் அவருடைய கீழ்த்தளத்திலேயே இருந்தது. பழைய தையல் மெஷினில் இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து நிமிடத்துக்கு 3,000-க்குச் சற்றுக் குறைவான சுற்றில் அது சுழன்றுகொண்டே இருக்கும். டெய்லர் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து ஊசி இறங்கும். காலை எடுத்தால் ஊசி நிற்கும், மோட்டார் நிற்காது. துணியை எடுப்பது, மடிப்பது, நூல் கோப்பது என எல்லா நேரத்துக்கும் கரண்ட் போகிறது. அதற்கு மாற்றாக வந்த சர்வோ மோட்டார் அப்படியில்லை. மிதித்தால்தான் சுழலும்.

அந்த ஒலிக் கார்டும் ஒரு கிளட்ச் மோட்டார்தான். அதிலுள்ள சிப்புக்குத் தாளம் போடுவது ‘கிளாக்’ என்னும் துடிப்பு. நொடிக்குப் பல கோடி முறை அது துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் சிப்புக்குள் நுண்ணிய மின்தேக்கிகள் நிரம்பிக் காலியாகின்றன. அந்தச் செலவு முழுக்கச் சூடாகிறது. பாட்டு ஓடாவிட்டாலும் துடிப்பு நிற்பதில்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று ஒலியை எண்ணும் கருவிக்கு மௌனமும் ஓர் எண்தான்: சைபர். போதாததற்கு, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசிகிறது. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும், கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். பஞ்சு அடைத்த கார்டுக்கு இது இரட்டைத் தண்டனை.

வேலையில்லாத நேரத்தில் கிளாக்கை நிறுத்திவிட்டால் என்ன? இன்றைய செல்போன் சிப்புகள் செய்வது அதைத்தான். ஒலிக் கருவியில் சிக்கல் வேறு. இரண்டு மாதிரிகளுக்கு இடையே இருப்பது ஒரு நொடியின் 48,000-இல் ஒரு பங்கு. சிப் கண்விழிக்கத் தாமதித்தால் பாடகரின் முதல் எழுத்தே அறுந்துவிடும். தூங்கி எழும் ஒலிச் சுற்று ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் போடுவதையும் பலர் கேட்டிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் பயந்தே பல கார்டுகளைத் தூங்க விடாமல் வடிவமைத்துவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்க வேண்டுமா?

கம்ப்யூட்டருக்குள் செருகும் பழைய பிசிஐ வகைக் கார்டு ஒன்றுக்கு அதிகபட்சம் 25 வாட் வரை அனுமதி உண்டு. சும்மா இருக்கையில் 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைக்காமலே விட்டால் ஆண்டுக்கு 87.6 யூனிட். ஒலி புகாதபடி அடைத்த அறையில் அந்தச் சூட்டை ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தனிக் கரண்ட். பணத்தைவிட எனக்குக் கவலை கார்டின் ஆயுள். மின்பகுளி வகை மின்தேக்கிகளின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு.

வீட்டுக் கருவிகள் தூங்கும்போது 1 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற யோசனையை 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆலன் மையர் முன்வைத்தார். ஐரோப்பாவில் அது 2010-இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2013-இல் பல கருவிகளுக்கு அரை வாட்டாக இறங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் கார்டு அந்த வரம்புக்குள் வருவதில்லை. அதைக் கவனிக்க வேண்டியவர் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர்தான்.

நண்பர் கீழே மெஷின் சுத்தம் செய்யும் ஏர் கன்னை மாடிக்குக் கொண்டுவந்தார். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பஞ்சை ஊதி எடுத்தோம். இப்போது பதிவு முடிந்ததும் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிடுகிறார். கீழ்த்தளத்தில் இன்னும் நான்கு மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருக்கிறது. தீபாவளி போனஸ் கொடுத்து முடித்ததும் அவற்றையும் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.