உயிரைக் கொண்டு ஆக்கப்படும் கலை

வர்ணமும் கல்லும் உலோகமுமே கலைஞனின் மூலப்பொருள்கள் என்றிருந்த நிலை மாறி, உயிருள்ள கலங்களையும் இழையங்களையும் கொண்டே படைப்புகளை ஆக்கும் உயிரியற் கலை மேற்குலகில் வேரூன்றிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஜெலிமீனின் பரம்பரையலகைத் தாங்கி, நீல ஒளியில் பச்சையாக மிளிரும் முயலொன்றை பிரேஸிலியக் கலைஞர் எடுவார்டோ காக் 2000 ஆம் ஆண்டில் தமது படைப்பாக அறிவித்தபோது எழுந்த சர்ச்சையைப் பலர் அறிந்திருப்பர். எனினும், நாம் இங்கு எடுத்து நோக்க விரும்புவது எமது உணவுத் தட்டு வரை எட்டும் கேள்வியொன்றை எழுப்பிய ஒரு சிறிய மேற்சட்டையையே ஆகும்.

மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒரோன் கட்ஸ், அயோனட் சூர் ஆகிய கலைஞர்கள் 2004 இல் அதனை உருவாக்கினர். உக்கிப்போகும் பொலிமரினால் செய்த, உள்ளங்கையில் அடங்கும் சட்டை வடிவமொன்றின் மீது கலங்கள் வளர்க்கப்பட்டன. கண்ணாடிக் குடுவைக்குள் போஷாக்குத் திரவம் சொட்டுச் சொட்டாக ஊட்டப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பலியற்ற தோல்'. எந்தப் பிராணியையும் கொல்லாமல் தோலாடை பெறலாம் என்ற வாக்குறுதியாகவே பலரும் இதனைப் புரிந்துகொண்டனர்.

ஆனால், அப்பெயர் ஓர் அங்கதம். கலங்களுக்கு ஊட்டப்பட்ட திரவத்தில் கன்றின் சீரம் கலந்திருந்தது. சினைப்பசுக்கள் இறைச்சிக்காக அறுக்கப்படும்போது, வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கப்படுவதே அந்தச் சீரம். பலி இல்லாமற் போகவில்லை. பார்வையாளரின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது, அவ்வளவே. இதனை மறைக்காது எடுத்துரைத்தவர்களும் அக்கலைஞர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

2008 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் வைக்கப்பட்டபோது இச்சட்டை எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தது. கைப்பகுதி கழன்று விழத் தொடங்கியது, குழாய்கள் அடைபட்டன. ஈற்றில் கண்காட்சிப் பொறுப்பாளர் பயோலா அன்டொனெலி அதற்கான போஷாக்கை நிறுத்தவேண்டியதாயிற்று. ஓர் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றுவது போன்ற இலகுவான முடிவாக அது அவருக்கு இருக்கவில்லை.

இதே கலைஞர்கள் 2003 இல் பிரான்ஸின் நான்ட் நகரில் தவளைக் கலங்களிலிருந்து வளர்த்த இறைச்சித் துண்டுகளை விருந்தாகப் பரிமாறினர். உண்ண முயன்ற சிலர் துப்பிவிட்டனராம்! பத்து ஆண்டுகளின் பின்னர், 2013 இல், ஆய்வுகூட மாட்டிறைச்சி லண்டனில் சமைக்கப்பட்டது. 2020 இல் உலகிலேயே முதலாவதாக சிங்கப்பூர் இத்தகைய கோழியிறைச்சியின் விற்பனைக்கு அனுமதி வழங்கியது. கொல்லாமற் கிடைத்த இறைச்சி என்று போற்றப்பட்ட அந்த உற்பத்தியிலும் ஆரம்பத்தில் கன்றின் சீரம் பயன்பட்டது. சீரமற்ற முறைக்கு 2023 இலேயே அங்கு அனுமதி கிட்டியது.

புலால் மறுப்போருக்கும் ஹலால் உணவை நாடுவோருக்கும் இது வெறும் கலைச் சர்ச்சையன்று. 2024 இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், நிபந்தனைகளுடன் இத்தகைய இறைச்சி ஹலாலாகலாம் எனத் தீர்ப்பளித்தது. கலங்கள் உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியிலிருந்து பெறப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும். இவ்வுணவு என்றேனும் எமது சந்தைக்கு வருமாயின், கலம் எந்தப் பிராணியினுடையது என்பதோடு, அது எதனை உண்டு வளர்ந்தது என்பதும் பொதியின் மேலுறையில் அச்சிடப்பட வேண்டும் என்று நாம் கோருவோம்.