உங்களுக்குத் தெரியுமா? கேமரா வழியே பக்கவாத வைத்தியம்

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப்போகின்றன. 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் போட்ட கணக்கு இது. அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் அதை ஏற்றிவிட வேண்டும். வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பதும் அதற்குள் தெரிந்தாக வேண்டும். கசிவு உள்ளவருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சிடி ஸ்கேன் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. படத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்து, ‘மருந்தை ஏற்றுங்கள்’ என்று சொல்லும் நரம்பியல் நிபுணர்தான் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியை வீடியோ இணைப்பால் நிரப்பலாம் என்று லெவின், கோர்மன் என்ற இரு மருத்துவர்கள் 1999-ல் எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘டெலிஸ்ட்ரோக்’.

அடைப்பால் பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் ஸ்கேன் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். கசிவு என்றால் ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அடைப்பு உடனே அப்படித் தெரியாது. ஆகவே, ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்பதை ‘நோயாளிக்கு ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

எங்கோ இருக்கும் நிபுணர் எதைப் பார்க்கிறார்? 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 11 பிரிவுகள், பூஜ்யம் முதல் 42 வரை; மதிப்பெண் ஏற ஏற பாதிப்பு அதிகம். ‘கையை நீட்டுங்கம்மா’ என்று திரையிலிருந்து குரல் வரும். கை பத்து விநாடி தாழாமல் நிற்க வேண்டும். கால் ஐந்து விநாடி. கேமரா முகத்தருகே நெருங்கி, கண் எந்தப் பக்கம் இழுக்கிறது, சிரிக்கும்போது உதடு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று காட்டும். ஊசி முனையால் லேசாகக் குத்தி, ‘தெரியுதா?’ என்று கேட்பது மட்டும் கட்டிலருகே நிற்கும் நர்ஸின் வேலை.

இது என்ன மாதம், உங்கள் வயது என்ன என்ற இரண்டு கேள்விகளும் அதில் உண்டு. வயதில் ஒன்று கூடக் குறையச் சொன்னாலும் தவறுதான். அமெரிக்காவுக்கு அது சரி. நம்மூர்ப் பாட்டியிடம் கேட்டால் ‘ஆடி’ என்பார். வயதுக்கு ‘எழுபது எழுபத்தஞ்சு இருக்கும்’ என்பார். மூளை நன்றாக இருக்கும்போதும் அவருடைய பதில் அதுதானே! திரைக்கு அந்தப் பக்கம் நம் ஊர் வழக்கம் தெரிந்தவர் இருந்தால் நல்லது.

போனில் கேட்டுச் சொன்னால் போதாதா? கலிபோர்னியாவில் 222 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. வீடியோவில் பார்த்தபோது 98 சதவீதம் சரியான முடிவு, போனில் 82. ஆனால் மூன்று மாதம் கழித்து நோயாளிகளின் நிலையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மருந்தை ஏற்றுமுன் கட்டாயம் கையில் இருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்று: சர்க்கரை. சர்க்கரை மிகவும் இறங்கினாலும் கை கால் விழும், பேச்சுக் குழறும். ரத்த அழுத்தமும் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும்.

நிபுணர் முதலில் கேட்பது, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ கடிகாரம் ஓடத் தொடங்குவது அங்கிருந்துதான். காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று பார்த்தீர்கள். ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார். கணக்கு பத்து மணியிலிருந்துதான். ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்ததைப் பேரன் பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள், கணக்கே மாறும். இப்போது எம்ஆர்ஐ போன்ற ஸ்கேன்களால் தூக்கத்தில் வந்தவர்களில் சிலருக்கும் மருந்து கொடுக்க முடிகிறது. எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2003-லேயே 12 வட்டார மருத்துவமனைகளை மியூனிக், ரீகன்ஸ்பர்க் நகரங்களின் பக்கவாத மையங்களோடு இணைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்கள், பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்கள் என மோசமான நிலையில் இருந்தவர்கள் இணைந்த மருத்துவமனைகளில் 44 சதவீதம், மற்றவற்றில் 54. கேமராவுக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் பக்கவாதத்துக்குத் தனி வார்டு திறந்து, டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் எதையும் கொடுக்காதது அந்தப் பயிற்சியின் பாலபாடம். மயங்கிச் சரிந்தவர் வாயில் சோடாவையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது; நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாதான்.

இமாச்சலப் பிரதேசத்தின் வழி இன்னும் எளிமையானது. மலை மாநிலம், நரம்பியல் நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சிடி ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் நிபுணருக்கு அனுப்பச் செய்தார்கள். விலையுயர்ந்த மருந்தை மாநில அரசே இலவசமாகக் கொடுத்தது. என்னைக் கேட்டால் போனைவிட இதுதான் பெரிய காரியம். பணம் புரட்ட நகையோடு அடகுக் கடைக்கு ஓடும் நேரமும் நாலரை மணிக் கணக்கில்தானே சேரும்?

பெரிய குழாயில் பெரிய ரத்தக்கட்டி அடைத்திருந்தால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. தொடை வழியே குழாய் நுழைத்துக் கட்டியை இழுத்தெடுக்க வேண்டும். வழக்கமாக நோயாளியைத்தான் பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். அதே பவேரியாவில் 2018 முதல் மருத்துவரை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சின்ன ஊர் மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவெடுத்ததிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை 148 நிமிடம் ஆனது 58 ஆகக் குறைந்தது. ஆனால் வந்திறங்கும் மருத்துவர் வேலை செய்ய ஆஞ்சியோ அறையும், அதை இயக்க ஆளும் அந்த ஊரிலேயே தயாராக இருக்க வேண்டும்.