மூச்சுக் கொடுத்த மாணவர்

நள்ளிரவு. வைத்தியசாலையின் நீண்டதொரு கூடத்திலே ஒரு சிறுவன் கட்டிலிற் கிடக்கின்றான். அவனுக்குக் கைகால்கள் அசையவில்லை, மார்பும் அசையவில்லை. கழுத்தில் இடப்பட்ட துவாரத்தின் வழியாக ஒரு குழாய் உள்ளே செல்கின்றது. அதன் மறுமுனையில் ஒரு றப்பர்ப் பை. அருகிலே அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவன் அப் பையை அழுத்துகின்றான், விடுகின்றான், மீண்டும் அழுத்துகின்றான். அவன் கை ஓய்ந்தாற் சிறுவனின் மூச்சும் ஓயும். அடுத்த கட்டிலிலும் இதே காட்சி, அதற்கடுத்ததிலும் அவ்வாறே.

இது கதையன்று. 1952 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனிலே, பிளெக்டாம் வைத்தியசாலையில் மாதக்கணக்காக நடைபெற்ற நிகழ்ச்சி.

அவ்வாண்டுக் கோடையில் இளம்பிள்ளை வாதம் அந்நகரத்தைப் பிடித்தது. தடுப்பு மருந்து அப்போது வழக்கில் இல்லை. சால்க்கின் ஊசி மருந்து 1955 இலேதான் வந்தது. நோய் கடுமையான நாள்களில் ஐம்பது பேர் வரையில் அனுமதிக்கப்பட்டனர். கைகால் வழங்காமற் போனவர்கள் ஒருவாறு பிழைத்துக்கொள்வர். மூச்சுத் தசைகளும் விழுங்குந் தசைகளும் செயலிழந்தவர்களின் நிலையே பரிதாபமானது. நோயாளரை உள்ளே கிடத்தி மூச்சியக்கும் 'இரும்புச் சுவாசப்பை' அங்கே ஒன்றே இருந்தது. மார்பின்மேற் கவசம்போற் பூட்டும் கருவிகள் ஆறு இருந்தன. மூச்சோ விழுங்குதலோ முடங்கிய முதல் 31 நோயாளருள் 27 பேர் மூன்று நாள்களுக்குள் இறந்தனர். வைத்தியசாலையின் தலைவர் பேராசிரியர் லாஸன் செய்வதறியாது திகைத்தார்.

கருவிகள் போதாமை மட்டுமா காரணம்? அன்று. ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஓர் எண்ணை வைத்தியர்கள் பிழையாகப் பொருள்கொண்டதும் ஒரு காரணம். அதனைச் சற்று விளக்கவேண்டும்.

நமது உடல் ஓயாது கரியமிலவாயுவை உண்டாக்குகின்றது. பாடசாலை மாணவர் இதனைக் காபனீரொட்சைட்டு என்பர். இவ்வாயு நீரிற் கரையும்போது அமிலமாகின்றது. சோடாப் போத்தலின் மெல்லிய புளிப்பு இதனால் வருவதே. இரத்தத்திலும் அவ்வாறே. சுவாசப்பை அதனை வெளியே தள்ளுகின்றது. மறுபுறம், இரத்தத்தில் இருகாபனேற்று என்னும் காரப் பொருள் இருக்கின்றது. அப்பத்துக்கு நாம் இடும் அப்பச்சோடாவின் இனத்தது. அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் சிறுநீரகத்தின் தொழில். சுவாசப்பை சில நிமிடங்களிற் செய்வதைச் சிறுநீரகம் செய்து முடிக்கச் சில நாள்கள் செல்லும். இவ்விரண்டின் சமநிலையால், இரத்தத்தின் அமிலகார அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கின்றது. ஆரோக்கியமுடையவரின் இரத்தம் பொதுவாக இவ்வளவுக்குள் இருக்கும். 7.4 என்பது 7.1 ஆனால், சிறு வித்தியாசமென்று எண்ணிவிடக் கூடாது; அமிலத் தன்மை இருமடங்காகிவிட்டது என்பது அதன் பொருள்.

பிளெக்டாமில் அளந்தது இரத்தத்திலுள்ள மொத்தக் கரியமிலவாயுவை. அதிற் பெரும்பகுதி இருகாபனேற்று வடிவில் இருப்பது. அந்த எண் மிகவும் உயர்ந்திருந்தது. 'காரம் மிகுந்துவிட்டது, ஏனென்று விளங்கவில்லை' என்று வைத்தியர்கள் எண்ணினர். பிராணவாயு கொடுக்கப்பட்டமையால் நோயாளரின் உதடுகள் நீலம் பாரிக்கவில்லை. ஆயினும் அவர்களுக்கு வியர்வை பெருகியது. இரத்த அழுத்தம் ஏறியது. பின்னர் நினைவு தப்பியது.

அந்நிலையில் அழைக்கப்பட்டவர் பியோர்ண் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர். அமெரிக்காவில் பொஸ்டன் நகரிற் பயின்று திரும்பியவர். சத்திரசிகிச்சையின்போது தசைகளைச் செயலிழக்கச் செய்து, றப்பர்ப் பையால் மூச்சுக் கொடுப்பது அவருக்கு நாளாந்தத் தொழில். அவர் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தார். இறந்தவர்களின் சுவாசப்பைகளையும் பார்த்தார். இது காரமிகுதியன்று, வெளியேறாத கரியமிலவாயு தேங்கி விளைந்த அமிலமிகுதியே என்றார். பிராணவாயுவைக் கொடுத்தாற் போதாது. காற்றை உள்ளே செலுத்தி வெளியே எடுக்கவும் வேண்டும்.

1952 ஆகஸ்ட் 27 ஆந் திகதி, மரணத்தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதனைச் செய்து காட்ட முயன்றார். கழுத்திலே துவாரமிட்டுக் குழாய் செலுத்தப்பட்டது. ஆனாற் சிறுமி திமிறினாள். சுவாசக் குழாய்கள் இறுகிக்கொண்டன. பை அழுத்தியும் காற்றுச் செல்லவில்லை. பார்த்திருந்தவர்களிற் சிலர் நம்பிக்கையிழந்து வெளியேறினர் என்று சொல்லப்படுகின்றது. இப்சன் துணிந்து ஒரு மயக்கமருந்தை ஏற்றினார். சிறுமி தளர்ந்தாள். அப்போது மார்பு உயர்ந்தது, தாழ்ந்தது. தேங்கிய வாயு வெளியேற, வியர்வை நின்றது. இரத்த அழுத்தம் இறங்கியது. அவள் அன்று இறக்கவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

வழி தெரிந்துவிட்டது, ஆனாற் பையை அழுத்துவது யார்? ஒரே வேளையில் எழுபது நோயாளர் வரையில் இருந்த நாள்களும் உண்டு. பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவரையும் பின்னர் பல்மருத்துவ மாணவரையும் அழைத்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர் முறைவைத்து இரவும் பகலும் அமர்ந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் கையால் மூச்சுக் கொடுத்தனர். குழந்தைகளுக்குக் கதை வாசித்தனர், விளையாட்டுக் காட்டினர். தன் கையில் ஓர் உயிர் இருக்கையிலேயே அது பிரிந்துபோகக் கண்ட மாணவரும் அவர்களுள் இருந்தனர். நூற்றுக்கு 87 ஆக இருந்த மரணம் சில மாதங்களில் நூற்றுக்கு 25 அளவுக்கு இறங்கியது.

எவ்வளவு அழுத்துவது, எத்தனை தரம் அழுத்துவது என்பதைச் சொல்ல இரத்தத்தின் அமிலகார அளவை நேரடியாக அறியவேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தின் தலைவர் பௌல் அஸ்ட்ரப் அதனை மின்கருவியால் அளந்து, மொத்த வாயுவின் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டு, தேங்கிய வாயுவின் அளவைக் கண்டார். இப்சன் சொன்னது சரியென்பது எண்களால் நிறுவப்பட்டது. வியப்பு யாதெனின், 'பீஎச்' என்னும் அவ்வளவுகோலை 1909 இல் வகுத்தவர் ஸோரென்ஸன். அவர் பணிபுரிந்தது அதே நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில். அஸ்ட்ரப் கையாண்ட கணக்குக்கு வடிவம் கொடுத்த ஹஸல்பல்க்கும் டென்மார்க் நாட்டவரே. மாணவர் பலர் பரீட்சைக்காக மனனஞ்செய்து மறந்துவிடும் அந்தச் சூத்திரந்தான் அன்று குழந்தைகளின் கட்டிலருகே பயன்பட்டது!

1953 இன் இறுதியில் இப்சன், அந்நகரத்து நகரசபை வைத்தியசாலையில், கடும் நோயாளரை இரவும் பகலும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் பிரிவொன்றைத் தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாக அது கருதப்படுகின்றது. மாணவரின் கைகளுக்குப் பதிலாக இயந்திரங்கள் வந்தன. அப்பிரிவிலே நம்மவர் ஒருவர் கிடக்கும்போது, மணிக்கட்டு நாடியில் ஊசியேற்றி ஏன் அடிக்கடி இரத்தம் எடுக்கின்றார்கள் என்று வீட்டார் மனம் வருந்துவதுண்டு. நாளத்தில் எடுப்பதைக் காட்டிலும் அது நோவு மிக்கதே. அமிலகார அளவு, கரியமிலவாயு, இருகாபனேற்று, பிராணவாயு ஆகியவற்றை அந்தச் சில துளிகளே சொல்கின்றன; அவற்றைக் கண்டே இயந்திரத்தின் வேகத்தை வைத்தியர் கூட்டியுங் குறைத்தும் வைக்கின்றார். இயந்திரம் பழுதுற்றாலோ, கட்டிலின் தலைமாட்டில் ஆயத்தமாக இருக்கும் பையைத் தாதி கையில் எடுக்கின்றார்.