பரு எட்டிப் பார்ப்பதற்கு முன்னால்

நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குப் பார்த்து மூக்கு நுனியில் ஒரு பரு! "நேற்றுத் தின்ன பஜ்ஜிதான் காரணம்" என்று வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். ஆனால் நேயர்களே, அந்தப் பருவுக்கான வேலை தோலுக்குள் எப்போது தொடங்கியிருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

முகம் பளிச்சென்று இருந்தபோதே!

இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், பருத் தொல்லை உள்ளவர்களின் தோலில் பரு இல்லாத, பார்வைக்கு நன்றாக இருக்கிற இடத்திலிருந்து துளியூண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. அந்த நல்ல தோலிலேயே, மயிர்க்கால்களைச் சுற்றி நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து கூடியிருந்தன. கூடவே இன்டர்லூக்கின் ஒன்று என்ற ரசாயனமும் அதிகம். "எல்லாரும் கிளம்பி வாங்க" என்று மற்ற அணுக்களுக்கு ஆளனுப்புவது அதன் வேலை. இத்தனையும் தோலின் துவாரம் அடைபடுவதற்கு முன்னால்! அதுவரை, முதலில் அடைப்பு, அப்புறம்தான் வீக்கம் என்பதே பாடமாக இருந்தது.

பாக்டீரியாவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பருவோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பாக்டீரியா, பருவே தெரியாத முகங்களிலும் குடியிருக்கிறது. அதைக் கண்டு உடம்பு எவ்வளவு கோபப்படுகிறது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அந்தக் கோபம்தான்.

பார்வைக்கு நன்றாக இருக்கிற தோலிலும் வேலை முன்பே தொடங்கிவிடுவதால்தான் தோல் மருத்துவர்கள், களிம்பைப் பருவின் தலையில் மட்டும் வைக்காமல், பரு வருகிற இடம் முழுக்கத் தடவச் சொல்கிறார்கள்.