ஒரு சாடி, ஒரு சிரட்டை

தென்னையையும் மதுவையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு நினைவுக்கு வருவது பாளை. பாளையைச் சீவிக் கலயம் கட்டி, காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கும் மனிதர். பசிபிக் பெருங்கடலின் நடுவே அத்தியூ என்ற தீவிலும் தென்னைக்கும் மதுவுக்கும் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு மரத்தின் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. தென்னையைச் சாய்த்து, அதன் பருத்த அடித்துண்டைக் குடைந்து சாடியாக்கி, அதில் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றிப் புளிக்க வைத்தார்கள் அத்தியூக்காரர்கள். அந்தச் சாடிக்குத் துமுனு என்று பெயர். அவர்கள் மொழியில் துமு என்பது அடிமரம், நூ என்பது தேங்காய். இன்றைக்குச் சாடி நிற்கும் ஓலைக்குடிசை, அங்கே கூடும் கூட்டம், கூட்டத்தின் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுவே பெயர். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சிலர் இதைக் காட்டு பியர்ப் பள்ளிக்கூடம் என்று வேடிக்கையாகச் சொன்னதுண்டு. வேடிக்கைதான், ஆனாலும் பொருத்தமான பெயர்.

அத்தியூ குக் தீவுகளில் ஒன்று. தலைநகரம் இருக்கும் ரரோடோங்காவிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவு. பரப்பு சுமார் 27 சதுர கி.மீ.; மக்கள் 400 பேர் அளவில். கடலிலிருந்து மேலெழுந்த பழைய பவளப்பாறை தீவைச் சுற்றிக் கரடுமுரடான மதில்போல நிற்கிறது. அதனால் ஐந்து ஊர்களும் கரையில் இல்லை, நடுவிலுள்ள மேட்டில் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. இந்த அமைப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில்தான் நாம் பார்க்கப்போகும் குடிமுறை வேலை செய்கிறது.

ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை இந்தப் பகுதித் தீவுகளில் மது கிடையாது. தென்னை இருந்தது, பாளை சீவும் வழக்கம் இல்லை. வாழையும் கிழங்குகளும் இருந்தன, அவற்றைப் புளிக்கவைத்துக் குடிக்கவில்லை. அவர்கள் குடித்தது கவா. கவாச் செடி மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய சொந்தம். மூன்றும் ஒரே பேரினம். அதன் வேரை மென்றோ இடித்தோ தண்ணீரில் கரைத்து வடித்தால் கலங்கலான ஒரு பானம் கிடைக்கும். அதில் புளிப்பேறுதலும் இல்லை, எத்தனாலும் இல்லை. வேரிலுள்ள சில வேதிப்பொருள்கள் நாக்கை மரக்கச் செய்து, தசையைத் தளர்த்தி, மனத்தை அமைதிப்படுத்தும். குடித்தவன் கத்த மாட்டான், சண்டைக்குப் போக மாட்டான். வட்டமாக உட்கார்ந்து, மரியாதைப்படி வரிசை வைத்து, கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பது கவாவின் முறை.

ஆங்கிலேய மாலுமி குக்கின் ஆட்கள் 1777 ஏப்ரலில் அத்தியூவில் கால் வைத்தார்கள். (தீவுக் கூட்டத்துக்கே பெயர் கொடுத்த குக் கப்பலிலேயே இருந்துவிட்டார்.) கிறிஸ்தவம் வந்தது 1823இல், ஜான் வில்லியம்ஸ் என்ற லண்டன் மிஷன் பாதிரியாரோடு. அத்தியூவின் தலைவர் ரொங்கோமதானே மதம் மாறினார். தீவும் பின்னாலேயே மாறியது. பாதிரியார்களுக்குக் கவா பிடிக்கவில்லை. பழைய தெய்வங்களின் வாடை அதில் அடித்தது. கவா விலக்கப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த ஆரஞ்சு மரமோ தீவுகளில் தழைத்துக் காய்த்துத் தள்ளியது. ஆரஞ்சுச் சாற்றை மதுவாக்கும் வித்தையைத் தஹிட்டிப் பக்கத்திலிருந்து கற்றதாகச் சொல்கிறார்கள். கவாவின் இடம் காலியாக இருந்தது. அதில் ஆரஞ்சு மது வந்து உட்கார்ந்தது. திருச்சபையின் கண்ணுக்குத் தப்ப ஊரைவிட்டுத் தோப்புக்குள் போனார்கள். துமுனுக்கள் இன்றும் பெரும்பாலும் தோப்புக்குள் ஒதுங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

சாடிக்கு வருவோம். ஆயிரம் மரங்கள் இருக்கத் தென்னையின் அடியை ஏன் எடுத்தார்கள்? வேம்பு, தேக்கு போன்ற மரங்களை அறுத்தால் நடுவில் வைரம், வெளியே மென்மை. தென்னையில் தலைகீழ். ஒருவித்திலைத் தாவரமான அதற்கு ஆண்டு வளையமும் இல்லை, நடு வைரமும் இல்லை. நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்டுக் கல்போல இறுகியிருக்கும். உள்ளே போகப் போகக் கற்றைகள் குறைந்து சோறுபோன்ற பகுதி மிகும். தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை ஒரு பெரிய புல். குடைபவனுக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள்! மெத்தென்ற நடுவை இலகுவாகத் தோண்டி எடுத்துவிடலாம். உறுதியான சுவர் தானாகவே மிஞ்சும். அடிப்பகுதி இயல்பாகவே பானைபோலப் புடைத்திருப்பதால் கொள்ளளவும் கூடுதல், கவிழாமலும் நிற்கும்.

மரச்சாடிக்கு இன்னொரு குணமும் உண்டு. நார்களின் இடுக்குகளில் ஈஸ்ட் தங்கும். இட்லி மாவுப் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் பழைய மாவை விட்டுவைக்கும் வீட்டுக்காரிக்கும், உறையூற்றுகிறவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை புளித்த பாத்திரம் அடுத்தமுறை சீக்கிரம் புளிக்கவைக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளுகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத எத்தனால் கிடைக்கும். ஆரஞ்சுச் சாற்றில் லிட்டருக்கு 90 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பதால் சாறு மட்டுமே ஐந்து சதவீதத்தைத் தொட்டுவிடும். வீரியம் கூட வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்க வேண்டும். சாற்றின் புளிப்பும் ஒரு காவல்: பெரும்பாலான கெடுக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் தழைக்காது, ஈஸ்ட் தழைக்கும். தோல்தான் தொல்லை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீன் ஈஸ்ட்டையே அடக்கிவிடும். எந்த நாட்டில் ஆரஞ்சு மது காய்ச்சினாலும் தோலை நன்றாக உரித்துவிட்டுப் பிழிவது நல்லது.

வாயு எவ்வளவு வரும் என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு. அது காற்றைவிடக் கனமானதால் சாடிக்குள் திரவத்தின் மேல் போர்வைபோலப் படிந்து, ஆக்சிஜனைத் தள்ளிவைக்கும். நுரை அடங்கிவிட்டால் போர்வை விலகும். காத்திருந்த அசிட்டிக் பாக்டீரியா உள்ளே புகுந்து மதுவைக் காடியாக்கத் தொடங்கும். நம்மூர்க் கள் மறுநாளே கடுத்துப்போவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே துமுனு மது வைத்திருந்து குடிக்கும் சரக்கு அல்ல. பதமான சில நாட்களுக்குள் சாடியைக் காலிசெய்தாக வேண்டும். ஒருவனால் முடியாது, ஊரே வர வேண்டும். இந்த மது கூட்டத்தின் சொத்தாகவே இருப்பதற்குப் பழக்கம் பாதிக் காரணம் என்றால் மறுபாதி இந்தக் கெட்டுப்போகும் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று மரச்சாடியின் வேலையைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் பீப்பாய் செய்கிறது. மால்ட், ஹாப்ஸ், சர்க்கரை, பொட்டலத்து ஈஸ்ட், தண்ணீர் என்று சரக்கும் மாறிவிட்டது. பழக் காலத்தில் ஆரஞ்சும் சேரும். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி; நாம் கேழ்வரகை முளைகட்டுவதுபோலத்தான். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் தரும், பாக்டீரியாவையும் தடுக்கும். இரண்டும் தீவில் விளைபவை அல்ல. பெயர் மட்டும் தென்னையை விடவில்லை. நாமும் எஃகுப் பாத்திரத்தைப் ‘பானை’ என்கிறோமே.

மது செய்யும் முறையில் உலகத்துக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. புதிது அதைக் குடிக்கும் முறை.

சாடியைச் சுற்றி மரக்கட்டை இருக்கைகளில் வட்டமாக உட்காருவார்கள்; வழக்கமாக ஆண்கள்தான். சாடிக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். அவர் தங்கதா கபு. தங்கதா என்றால் ஆள், கபு என்பது ஆங்கிலத்துக் கப்பிலிருந்து வந்தது. கிண்ணக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் முழுவதற்கும் கிண்ணம் ஒன்றே, அதுவும் சின்னச் சிரட்டை. அவர் முகந்து முதல் ஆளிடம் நீட்டுவார். வாங்கியவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது, ஏனென்றால் அடுத்தவர் காத்திருக்கிறார். மறுபடி முகப்பார், அடுத்தவர். வட்டம் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் இது ஓர் அடைப்பிதழ். யாரும் தாமாக ஊற்றிக்கொள்ள முடியாது. எவ்வளவு, எவ்வளவு வேகம் என்பது வட்டத்தின் நீளத்தையும் கிண்ணக்காரர் கையையும் பொறுத்தது. பத்துப் பேர் இருந்தால் உங்கள் முறை வர ஒன்பது பேர் குடித்தாக வேண்டும். யார் தளர்ந்துவிட்டார், யார் குரல் உயர்கிறது என்பது கிண்ணக்காரருக்கு முகத்துக்கு நேரே தெரியும்.

அதற்காகப் போதை ஏறாது என்று நினைத்துவிட வேண்டாம். சிரட்டை 100 மி.லி., மது ஆறு சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு ஐந்து கிராம் எத்தனால். பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு முப்பது கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் கரைக்கும். மிச்சமெல்லாம் ரத்தத்தில். அடைப்பிதழ் வேகத்தை மட்டுப்படுத்தும், நிறுத்தாது. நிறுத்துவதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

நடுவில் ஒரு கட்டத்தில் கிண்ணக்காரர் சிரட்டையால் சாடியைத் தட்டுவார். பேச்சு நின்றுவிடும். தொப்பிகள் கழலும். யாராவது ஜெபம் சொல்வார், இமெனே எனப்படும் துதிப்பாடல் ஒன்றைச் சேர்ந்து பாடுவார்கள். எந்தச் சபைக்கு அஞ்சித் தோப்புக்குள் ஓடினார்களோ அந்தச் சபையின் பாட்டே குடிசைக்குள் ஒலிக்கிறது! அதன்பின் ஊர்ச் செய்தி பேசுவார்கள். புதிதாக வந்தவர் எழுந்து தம் பெயர், ஊர், பிழைப்பு சொல்வார். பிறகு யுகுலேலே என்ற சிறு கிதார் வெளியே வரும்.

வட்டம், வரிசை, ஒற்றைக் கிண்ணம், பரிமாற ஓர் ஆள் — எல்லாம் கவாவின் சட்டங்கள். உள்ளே ஊற்றும் பொருள் மாறியது, பாத்திரம் மாறியது. உட்காரும் முறை மாறவில்லை. இப்படி ஒரு முறை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் இதே கடலில் சாட்சி உண்டு. பிட்கெர்ன் தீவில் 1790இல் குடியேறிய பௌண்டி கப்பல் கலகக்காரர்களில் வில்லியம் மெக்காய் முன்பு வடிசாலையில் வேலை பார்த்தவர். டி (ti) என்ற செடியின் இனிப்பான கிழங்கிலிருந்து 1798 வாக்கில் சாராயம் வடித்தார். வடித்த சாராயம் கெடாது, பதுக்கலாம், தனியாகக் குடிக்கலாம். சில காலத்திலேயே மெக்காய் போதை வெறியில் பாறையிலிருந்து கடலில் குதித்து இறந்தார்.

துமுனுவும் நெடுநாள் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. குக் தீவுகளை நியூசிலாந்து 1901இல் இணைத்துக்கொண்டபோதும் தீவு மக்களுக்கு மது விலக்கே தொடர்ந்தது. தன்னாட்சி வந்தது 1965இல். இப்போது அத்தியூவுக்குப் போகும் பயணிகள் துமுனுவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பெண் பயணிகளுக்கும் இடமுண்டு. விலைப்பட்டியல் கிடையாது. போகும்போது செலவுக்கென்று கொஞ்சம் பணம் வைத்துவிட்டுப் போக வேண்டும். போதும் என்று தோன்றினால் விளக்கம் சொல்லத் தேவையில்லை, கையை லேசாக அசைத்தால் சிரட்டை அடுத்தவரிடம் போய்விடும்.