பழைய காரும் பெட்ரோல் நெடியும்

பழைய மோட்டார்க் கார் என்றால் பெட்ரோல் நெடி அடிக்கத்தான் செய்யும் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெட்ரோல் தன் இருப்பிடத்தைவிட்டு வெளிப்பட்டால் அன்றி நம் மூக்கை எட்டாது. அது வெளிப்பட்ட வழியைக் காண்பதற்கு, நெடி எழும் வேளையை முதலில் கவனிக்க வேண்டும்.

பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலெழுந்து கலைந்துபோகாமல், பள்ளம் நாடும் நீரைப்போலத் தாழ்ந்து தங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு அது கலந்திருந்தால், ஒரு சிறு பொறி போதும். நம் மூக்கோ அதனினும் மிகமிகக் குறைந்த அளவையே உணர்ந்துவிடும். இயற்கை நமக்கு அளித்துள்ள இந்த எச்சரிக்கையைப் பழகிப்போன வாசனை என்று ஒதுக்கலாமா?

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். அதில் பல்லாண்டுகள் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்து உட்செல்லும் வழியும் எரிந்த புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. கார்புரேட்டருக்கு அருகிலேயே கொதிக்கும் புகைக்குழாய்! வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் கார்புரேட்டரின் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அவ்விரண்டும் நின்றுவிட, கீழிருந்து ஏறும் வெப்பத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாகிறது. கோடைப் பகலில் வண்டியை நிறுத்தியபின் சிறிது நேரம் நெடி தோன்றி, எங்கும் ஈரமின்றித் தானே மறைந்தால், பெரும்பாலும் காரணம் இதுவே.

ஓடும்போதே நெடி எழுந்தால் அது வேறு. உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணத்தில், நீர்த்தொட்டியின் பந்தைப் போன்ற மிதவை ஒன்று உண்டு. பெட்ரோல் நிரம்பியதும் அது உயர்ந்து ஊசி வால்வை மூடும். ஊசி தேய்ந்தாலும், வால்வில் தூசு சிக்கினாலும், மிதவையில் துளை விழுந்து அது மூழ்கினாலும், வரவு நிற்காது. பெட்ரோல் வழிந்து சூடான குழாயின்மேல் சொட்டும். பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். உள்ளே 'களக் களக்' என்று ஒலித்தால் வேறு சோதனை வேண்டியதில்லை.

எஞ்சினால் இயக்கப்படும் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் இன்னொரு கள்ளவழி உண்டு. பம்பின் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கலாம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை முகர்ந்தால் தெரிந்துவிடும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால், அதை மாற்றாமல் எஞ்சினை ஓட்டலாகாது. நீர்த்துப்போன எண்ணெய் உராய்வைத் தடுக்காது.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் நெடி இருந்தால், குழாய்களையும் இணைப்புகளையும் பாருங்கள். கதவைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மூடிய டார்ச் விளக்கோடு தேட வேண்டும். தீக்குச்சி வெளிச்சம் உதவவே உதவாது! சொட்டிய பெட்ரோல் உலர்ந்து போயிருந்தாலும் அதன் கறை இருக்கும். தூசு படிந்த பரப்பில் கழுவிய தடம் தெரியும். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைப்பதும் நல்ல உபாயம்.

ரப்பர்க் குழாய்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டுக்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று; சில வகைகள் ஊறிப் பருத்து இளகும், சில வெடிக்கும். குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு உண்டா என்று சோதியுங்கள். ஐயம் இருந்தால், எதனால் கலப்புக்கு ஏற்ற புதுக் குழாயையும் புதுக் கவ்வியையும் சேர்த்தே வாங்கிப் பொருத்துங்கள். துருப்பிடித்த பழைய கவ்வி புதுக் குழாயையும் அறுத்துவிடும்.